உறையும் உரிமமும்



நினைவுப் பேருரை என்றதும் கவிதை பற்றியோ நாவல் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் பேச எடுத்துக்கொண்டது ஒரு தோல் உறை. சட்டைப்பைக்குள் போகும் சின்ன ரிவால்வருக்கும், கணுக்காலில் பூட்ஸுக்குள் கட்டிக்கொள்ளும் ரிவால்வருக்கும் தைக்கப்படும் உறை. தலைப்பைச் சொன்னபோது எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவி ஒருவர், "தலித் இலக்கிய அரங்கில் துப்பாக்கிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. துப்பாக்கிக்கு இங்கே வேலை இல்லைதான். ஆனால் அந்த உறையைத் தைத்த கைக்கு இங்கே இடம் உண்டு. அந்தக் கை நம்முடைய கை.

விருதுநகர் மாவட்டக் கரிசல் ஊர்களில் பகடை என்றும், அரசுத் தாளில் அருந்ததியர் என்றும், ஆதிக்கச் சாதியினர் வாயில் வேறு பெயராலும் அழைக்கப்படும் மக்களின் பழைய தொழிலைப் பதிவு செய்ய நாங்கள் சில ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்வருகிறோம். சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சந்தித்த ஒரு பெரியவர்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா கமலை வால் தைத்தவர். இவர் செருப்புத் தைத்தார், போலீஸ்காரர்களின் பெல்ட்டுக்கு வார் மாற்றிக் கொடுத்தார், இடையில் சுமார் இருபது ஆண்டு துப்பாக்கி உறையும் தைத்தார். "எத்தனை தைச்சிருப்பீங்க தாத்தா?" என்றோம். "எண்ணலை தம்பி. துப்பாக்கி வச்சிருக்கிறவன் எல்லாம் எண்ணுற ஆளுக. நாம தைக்கிற ஆளுக" என்றார்.

கமலையிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் புரியும். பம்புசெட்டு வருவதற்கு முன் கரிசலில் கிணற்றுப் பாசனம் என்றால் கமலைதான். மாடுகள் இறவையில் இறங்க, கிணற்றிலிருந்து கூனை மேலே வரும். கூனையின் அடியில் நீண்ட தோல் வால் பொருத்தியிருக்கும். தண்ணீர் அந்த வால் வழியாகத்தான் தொட்டியில் கொட்டும். முழு மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, குழாயாக வளைத்து, ஒரு சொட்டும் கசியாமல் தைக்க வேண்டும். எப்போதும் ஈரத்தில் கிடக்கும் தோல் அழுகாமலும், வெயிலில் காய்ந்தால் வெடிக்காமலும் இருக்க வேண்டும். ஈரத்தில் தோல் எப்படி இளகும், காயும்போது எந்தப் பக்கம் இழுக்கும், முதுகுத் தோலுக்கும் வயிற்றுத் தோலுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் கையில் இருந்தால்தான் அந்த வேலை நிற்கும். கரிசலின் பருத்தியும் மிளகாயும் அந்தத் தையலின் மேல்தான் விளைந்தன. கூலி என்று கிடைத்தது களத்து மேட்டில் அளந்து போட்ட தானியம். மின்சார மோட்டார் வந்தபின் கமலை போனது, களத்து மேட்டுத் தானியமும் போனது. கையில் இருந்த அறிவுக்கு யாரும் நஷ்டஈடு கொடுக்கவில்லை.

அந்த அறிவுதான் இவரிடம் துப்பாக்கி உறையாக மாறியது. தப்பு கட்டும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். ஈரத்தோலைச் சட்டத்தின் மேல் இழுத்துப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிக் காயவிட்டால் அது சட்டத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். உறையும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே சட்டம் மரம், இங்கே துப்பாக்கி.

உறை எதற்கு?

அடையாளத்துக்கோ அலங்காரத்துக்கோ அல்ல. ரிவால்வர் உறைக்கு மூன்று வேலை. முதலாவது, விசையை மூட வேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் விரலோ, சாவியோ, துணி மடிப்போ நுழையக் கூடாது. சிறிய ரிவால்வர்கள் பலவற்றில் தனியாகப் பூட்டுப் பொத்தான் கிடையாது. விசையை அழுத்தமாக இழுத்தால்தான் வெடிக்கும் என்பதே அதன் பாதுகாப்பு. ஆகவே உறைதான் பூட்டு. இரண்டாவது, ஆயுதம் எப்போதும் ஒரே நிலையில், பிடி மேலே பார்த்தபடி நிற்க வேண்டும். மூன்றாவது, எடுக்கும்போது உறை கூடவே வந்துவிடக் கூடாது.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுசெல்பவர் அதற்கென்று செய்த உறையிலோ அதுபோன்ற பையிலோ, முழுவதும் மறைத்து, தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. உரிமம் வாங்கியவரும் உறை இல்லாமல் தெருவில் நடக்க முடியாது என்று அர்த்தம். கல்யாண ஊர்வலத்தில் இடுப்பில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு வரும் பெருமைக்காரர்கள் இந்த விதியை ஒருமுறை படிப்பது நல்லது.

சரி, பெரியவர் எப்படித் தைத்தார்? நாங்கள் பார்த்தபடி சொல்கிறோம்.

முதலில் தோல். நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து செருப்புக்கும் ஷூவுக்கும் போகும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. மெதுவானது, மடியும், துணி மாதிரி விழும். உறைக்கு அது ஆகாது. ஈரமாக்கி அழுத்தினாலும் வடிவம் நிற்காது. உறைக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல். சுண்ணாம்பில் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி எடுக்கும் பழைய முறை. ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் திருச்சி செம்பட்டுப் பக்கமும் அந்த முறை நெடுங்காலம் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்து ஆவாரந்தோல் லண்டன் சந்தையில் தனிப்பெயரோடு விற்றது. முதல் உலகப் போரின்போது, 1916 இல், அந்த வியாபாரத்தை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்தது. ஆவாரம்பூ என்றால் நமக்குப் பொங்கலும் காப்புக்கட்டும் நினைவுக்கு வரும். அந்தச் செடியின் பட்டையை உரித்தவர்களும், அந்தத் தொட்டிக்குள் முழங்கால் வரை நின்றவர்களும் யார் என்பதை எந்தப் பொங்கல் மலரும் எழுதுவதில்லை.

சட்டைப்பை உறைக்கு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம் போதும். கணுக்கால் உறைக்கு மூன்று. முதுகுப் பகுதியும் தோள்பகுதியும் நல்லது. வயிற்றுத்தோல் இழுபடும். ஆறு மாதத்தில் உறை வாய் தளர்ந்துவிடும்.

அடுத்து அளவு. குண்டுகள் எல்லாம் எடுக்கப்பட்டனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பிறகே ரிவால்வரைக் கெட்டித் தாளின் மேல் கிடத்திச் சுற்றிக் கோடு போட வேண்டும். அப்படியே வெட்டினால் உள்ளே போகாது. ரிவால்வரின் நடுவில் குண்டுகள் சுற்றும் உருளை பருத்திருக்கும். அந்தப் பருமனில் பாதியும், தையலுக்கு ஒரு விரற்கடையும் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாகத் தைக்கிறவர்கள் கெடுவது இந்த இடத்தில்தான். "தோலைக் குறைச்சா தொலைஞ்சது, கூட்டினா சீவிக்கலாம்" என்பது அவர் சொல்.

இங்கேதான் எங்களை உலுக்கிய விஷயம் வருகிறது. அளவெடுக்கத் துப்பாக்கி வேண்டும். ஈரத்தோலை அழுத்தி வடிவம் கொடுக்கவும் துப்பாக்கி வேண்டும். காய்வதற்கு ஒரு நாளாவது ஆகும். அதுவரை உள்ளே ஏதாவது இருந்தாக வேண்டும். ஆனால் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். உறை தைக்கிறவன் வீட்டில் ஓர் இரவு அது கிடந்தால் சிறைக்குப் போகிறவன் அவன்தான். அதனால் துப்பாக்கிக்காரர் கூடவே உட்கார்ந்திருப்பார். அவர் திண்ணையில் அல்லது நாற்காலியில், இவர் தரையில். ஒரு மணி நேரத்தில் அளவெடுப்பு முடிந்துவிடும். பிறகு? பெரியவர் மஞ்சணத்தி மரத்தில் துப்பாக்கியைச் செதுக்கிக்கொண்டார். விசை வளையம், உருளை, பிடி, முனை எல்லாம் அச்சாக. அந்த மரத்துப்பாக்கியை வைத்துத்தான் அத்தனை உறைகளையும் வடித்தார். அதன் ஒவ்வொரு மேடும் பள்ளமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்த மனிதர், அசல் ஆயுதத்தை ஓர் இரவு கூடத் தன் கூரைக்குக் கீழ் வைத்திருக்க முடியாதவர். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். உரிமம்தான் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

தையலுக்கு வருவோம். ஒரு நூல், இரண்டு ஊசி. நூலை முறுக்கித் தேன்மெழுகு பூசி, இரண்டு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இருபக்கமிருந்தும் ஊசியை விட்டு இழுப்பார். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஒன்று அறுந்தால் சரசரவென்று பிரியும். இந்த இரட்டை ஊசித் தையலில் ஒரு கண் அறுந்தாலும் அடுத்த கண் நிற்கும். கமலை வால் தைத்த கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. விசை வளையம் வரும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு துண்டுத் தோலை இடைவார் போல வைத்துத் தைப்பது முக்கியம். வளையத்தின் அழுத்தம் நூலில் நேராக விழாது.

தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, மரத்துப்பாக்கியைச் செருகி, மாட்டுக்கொம்பு முனையால் அல்லது வழவழப்பான எலும்பால் தேய்த்துத் தேய்த்து வடிவம் எடுக்க வேண்டும். விசை வளையத்தின் பள்ளத்தில் ஆழமாக அழுத்தினால் உறை அந்த இடத்தில் 'கடிக்கும்'. அந்தக் கடிதான் ஆயுதத்தைப் பிடித்து வைக்கும். நிழலில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் அப்பளம் மாதிரி முறுகிவிடும். காய்ந்தபின் குண்டில்லாத ரிவால்வரைச் செருகி, தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பார்கள். விழுந்தால் மறுபடி நனைக்க வேண்டும். எண்ணெய் கொஞ்சமாகத்தான் பூசலாம். அதிகம் போனால் தோல் தளர்ந்து, பட்ட பாடெல்லாம் வீண்.

சட்டைப்பை உறையின் தந்திரம் தோலின் மறுபக்கத்தில் இருக்கிறது. வழவழப்பான பக்கம் உள்ளே, சொரசொரப்பான பக்கம் வெளியே. சொரசொரப்பு துணியைப் பற்றிக்கொள்ளும். துப்பாக்கி மட்டும் கையோடு வரும், உறை பைக்குள்ளேயே நிற்கும். கீழ்முனையில் ஒரு சின்னக் கொக்கி போலத் தோலை நீட்டி வெட்டினால் அது பையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் தட்டையாக ஒரு தோலை வைத்தால் பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கியின் உருவம் தெரியாது, மணிபர்ஸ் மாதிரி இருக்கும். அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் இருக்கக் கூடாது. வெளிநாட்டில் இதெல்லாம் கால்சட்டைப் பைக்குச் செய்வது. நம் பக்கத்துப் பண்ணையார் வேட்டிக்குள் பட்டாபட்டி டவுசர் அல்லவா போட்டிருப்பார். அந்தப் பையின் துணி மெல்லியது, எடை தாங்காமல் தொங்கும். அதற்காகப் பெரியவர் உறையின் அடியை அகலமாக்கி, எடையைத் தொடையில் பரப்பி வைத்தார். எந்தக் கையேட்டிலும் இல்லாத மாற்றம் இது. எங்களுக்குத் தெரிந்து இதற்குப் பெயரும் இல்லை.

கணுக்கால் உறை வேறு ஜாதி. (இந்தச் சொல்லை வேண்டுமென்றுதான் பயன்படுத்துகிறோம்.) நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தோல் பட்டை, உள்ளே ஆட்டு மயிரோடு கூடிய தோலோ கம்பளியோ வைத்த மெத்தை, அதன் மேல் உறை. வலக்கைக்காரர் இடது காலின் உட்பக்கத்தில் கட்ட வேண்டும். நடக்கும்போது எடை கீழே இழுக்கும் என்பதால் கெண்டைக்காலுக்கு மேல் இன்னொரு வார் கட்டி, இரண்டையும் ஒரு பட்டையால் இணைப்பார்கள். பிடியின் மேல் ஒரு வார் வந்து அமுக்குப் பொத்தானில் பூட்டும். ஓடினாலும் விழாது. பூட்ஸ் உயரமாக இருந்தால் உறையின் பின்புறம் ஒரு கிளிப் வைத்து பூட்ஸின் உள்விளிம்பில் மாட்டிவிடலாம். இதிலிருந்து ஆயுதத்தை எடுக்க முழங்கால் போட வேண்டும், அல்லது காலைத் தூக்க வேண்டும். மெதுவானது. ஆகவே இது முதல் ஆயுதத்துக்கு அல்ல, மாற்று ஆயுதத்துக்கு. காலில் வியர்வையும் புழுதியும் சேரும். இந்த வெயிலில் வாரத்துக்கு இருமுறையாவது துடைக்காவிட்டால் இரும்பில் துரு ஏறும். எந்த உறையிலும் துப்பாக்கியை மாதக்கணக்கில் வைத்துப் பூட்டக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு துருப்பிடிக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சை பூக்கும்.

அவர் தைத்த கணுக்கால் உறை ஒன்றே ஒன்றுதானாம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருக்கு. "பூட்ஸ் போட்டு நம்ம தெருவுக்குள்ள வந்தவுக அவுக ஒருத்தர்தான்" என்றார். ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கி நடந்தவர்களின் மகன், பூட்ஸுக்குள் ஒளிக்கும் துப்பாக்கிக்கு உறை தைத்தார். ஊரில் எல்லாக் கால்களுக்கும் செருப்புத் தைத்த கை, தன் காலுக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டு நடக்க முடியவில்லை. நாம் பலமுறை பேசிய விஷயம்தான். ஆனால் அவர் அதை எந்தக் கோபமும் இல்லாமல், நூலுக்கு மெழுகு இழுத்துக்கொண்டே சொன்னபோது எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு ஒற்றைக்கையர்

உலகம் முழுவதும் அதிகாரிகளின் மார்பில் குறுக்காக ஓடும் தோல் வாருக்கு சாம் பிரவுன் பெல்ட் என்று பெயர். இந்தியாவில் பணியாற்றிய அந்த ஆங்கிலக் குதிரைப்படை அதிகாரி 1858 சண்டையில் இடக்கையை இழந்தார். வாள் உறையைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால், அதைத் தாங்க ஒரு தோள்வார் போட்டுக்கொண்டார். அது படைகளின் சீருடையாகி, காவல்துறைக்கும் வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய நம் ஒண்டிவீரன் பற்றியும் வாய்மொழியில் ஒரு கதை உண்டு. பூலித்தேவரின் படைத்தளபதி எதிரி முகாமுக்குள் நுழைந்து புல்லுக்குள் மறைந்திருக்க, குதிரை கட்டும் முளையை அவர் கையோடு சேர்த்து அடித்துவிட்டார்கள், அவர் சத்தம் போடாமல் அந்தக் கையைத் துண்டித்துக்கொண்டு வேலையை முடித்துத் திரும்பினார் என்பார்கள். ஒரு ஒற்றைக்கையர் பெயரில் பெல்ட் இருக்கிறது. இன்னொருவருக்கு அஞ்சல்தலை வர 2022 ஆனது.

அந்த பெல்ட்டுகளையும் சேணங்களையும் உறைகளையும் தைத்த கைகள் கான்பூரில் குவிந்திருந்தன. கிளர்ச்சிக்குப் பின் அங்கே அரசு சேணத் தொழிற்சாலை வந்தது, பிறகு கூப்பர் ஆலன் போன்ற தனியார் ஆலைகள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி சமார் மக்கள். ராணுவத்துக்குத் தோல் தைக்கலாம், ராணுவத்தில் சேரலாமா? 1890 களின் தொடக்கத்தில் 'வீர இனம்' என்ற கோட்பாட்டைச் சொல்லி மகர்களை எடுப்பதை நிறுத்தினார்கள். அம்பேத்கரின் தந்தை பணியாற்றிய அதே படை. சென்னைப் படையில் நம்மவர்களுக்கு இருந்த இடமும் அக்காலத்தில் சுருங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மகர் ரெஜிமென்ட் வந்தது, 1943 இல் சமார் ரெஜிமென்ட் வந்தது. போர் முடிந்ததும் 1946 இல் சமார் ரெஜிமென்ட்டைக் கலைத்துவிட்டார்கள். தோல் மட்டும் தொடர்ந்து வாங்கப்பட்டது.

உரிமத்தின் கதையும் அப்படித்தான். 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. இந்தியரிலும் யாருக்குக் கிடைத்தது? நிலம், வரி, பட்டம் உள்ளவர்களுக்கு. குடகில் கொடவர்களுக்குப் பிறப்பின் பேரிலேயே விலக்கு. அது இன்றும் தொடர்கிறது, 2019 இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டினார்கள். ஒரு சமூகத்தைப் பிறப்பால் 'ஆயுதம் தரிக்கத் தக்கது' என்று அரசே ஏற்பது இந்த நாட்டில் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

இப்போது மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல் வந்தது. அதன் விதிகள் 1995 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ளன. மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள பகுதி என்று மாநில அரசு கண்டறிந்த இடத்தில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியினர் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து அந்த ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்கலாம். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், நண்பர்கள் வரை இது செல்லும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்து, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவையென்றால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கலாம். இது எங்கள் கற்பனை அல்ல, அரசிதழில் வந்த விதி. நம் கூட்டங்களில் தீருதவி பற்றிப் பேசுகிறோம், முதல் தகவல் அறிக்கை பற்றிப் பேசுகிறோம். மூன்றாவது விதியை வாசித்துக் காட்டியபோது வழக்கறிஞராகப் போகும் மாணவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

அந்த விதி வந்து சரியாக ஐந்து மாதத்தில், 1995 ஆகஸ்ட் 31 அன்று, கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளை உடைத்தார்கள். நம் எல்லையிலிருந்து தூரமில்லை. அங்கே துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். ஆயுதப் பயிற்சி இருந்தது, ஆயுதம் இல்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசன் ஓடும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர். மிரட்டல் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் நம் பிள்ளைகள் கையில் ரிவால்வர் கொடுக்கச் சொல்கிறோமா? எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. எங்களில் சிலர், விதியில் உள்ளதைக் கேட்பது உரிமை, கிடைக்கிறதா இல்லையா என்பது பிறகு, மனுக் கொடுப்பதே ஒரு போராட்டம் என்கிறார்கள். மற்றவர்கள், வீட்டில் துப்பாக்கி வந்தால் முதலில் அது நம் வீட்டுப் பெண்ணையும் குழந்தையையும்தான் பார்க்கும், பொய்வழக்குப் போடுகிறவனுக்கு அது இன்னொரு வசதி என்கிறார்கள். விலையும் இருக்கிறது. டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பின் 2014 இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று பெண்களுக்கான பாயிண்ட் 32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, ஆறு குண்டு, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அப்போது விலை 1,22,360 ரூபாய். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டாலும், சாப்பிடாமல் 245 நாள். அந்த நகைப்பெட்டி எந்தப் பெண்ணை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டால், பட்டாசுக்குத் திரி வைக்கும் பெண்ணை அல்ல என்பது மட்டும் உறுதி. இந்த அரங்கின் பொதுவான நிலை இதுதான்: விதியின் முதல் பாதியை முதலில் கேட்போம். நம்மை மிரட்டுகிறவர் வீட்டில் உரிமத்தோடு இருக்கும் துப்பாக்கியைக் கிடங்குக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை உரிமம், இந்த விதிப்படி எத்தனை ரத்து, எத்தனை வழங்கல் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் வில்லை போதும்.

உரிமம் ஒருவர் பெயரில், கை இன்னொருவருடையது என்பது பட்டாசு மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாக்பூர் லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். லைசென்ஸ் முதலாளி பெயரில் இருக்கும், அறைகள் உள்குத்தகைக்குப் போகும், மருந்து அலசுவது யாரோ. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். செத்தவர்களின் பட்டியலைச் சேரி வாரியாகப் படித்துப் பாருங்கள். ஆணி அடித்த செருப்போடு மருந்து அறைக்குள் போகக் கூடாது, பொறி பறக்கும் என்று இங்கே விதி. செருப்புத் தைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்காகச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். இந்த ஒரு விதி மட்டும் ஒழுங்காக அமலாகிறது.

பெரியவரின் பேத்தி பொட்டு கேப் பிரிவில் வேலை பார்க்கிறார். தீபாவளித் துப்பாக்கியில் வைத்துச் சுடும் அந்தச் சிவப்புப் பொட்டு. "தாத்தா உறை தைச்சாரு, நான் குண்டு செய்றேன், துப்பாக்கிதான் எங்க வீட்டுல இல்ல" என்று சிரித்தார். வட்டத்து மாணவி அன்று எங்களோடு இருந்தார். தன் கேள்வியை அதற்குப் பிறகு அவர் திரும்பக் கேட்கவில்லை. பொட்டு கேப் தொழிலாளர் பற்றிய அவருடைய ஆய்வேடு இப்போது எழுதப்பட்டு வருகிறது.

இப்போது காவல்துறைக்கு நைலான் உறைகளும், சூடாக்கி வார்க்கும் பிளாஸ்டிக் உறைகளும் வந்துவிட்டன. தோல் உறைக்கு ஆள் வருவதில்லை. பெரியவர் போன ஆண்டு ஆடி மாதம் இறந்துபோனார். ஊசி, உளி, கொம்பு எல்லாவற்றையும் வீட்டார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மஞ்சணத்தி மரத்துப்பாக்கியை மட்டும் பேத்தி எங்களிடம் கொடுத்தார். அதைப் பையில் வைத்துப் பேருந்தில் வரும்போது சோதனைச் சாவடியில் நிறுத்தி, எங்கள் பெயர், ஊர், தெரு எல்லாம் கேட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். மரம் என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. தெரு எது என்பதற்குத்தான் அவ்வளவு நேரம்.

அது இந்த மேசையில் இருக்கிறது. உருளைப் பகுதியில் தேய்ந்து பளபளப்பாக இருப்பது அவர் கட்டைவிரல் அழுத்திய இடம். கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள்.